அலாஸ்காவில் ராகு காலம்

மதன் தொட்டதெல்லாம் துலங்கியது. திருமூர்த்திக்கு அதுதான் வயிற்றெரிச்சல். கோயம்புத்தூரில் இருவரும் ஒரே வகுப்பு. நிலவியலில் திருமூர்த்திதான் முதல் மாணவர்; மதன் அரியர் மன்னன். வெளிநாடு வந்த பிறகு அந்த அரியர் மன்னனுக்கு ஓக் ட்ரீ ரோட்டில் இரண்டு கடை, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மாளிகை மாதிரி வீடு. திருமூர்த்திக்கோ எடிசனில் ஒரு லேபில் மண் சோதிக்கிற வேலை. மதன் வீட்டு விருந்துக்குப் போய்விட்டு வந்தால் அவருக்குச் சாப்பிட்டது செரிக்காது.

1998 கோடை விடுமுறையில் அலாஸ்காவுக்குப் போய்த் தங்கம் தேடலாம் என்று கிளம்பியது அவர்தான். தான் ஜெயிப்பதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றே மதனையும் கூட்டிப்போனார்.

பார்க்கவும் வைத்தார். சனிக்கிழமை காலை, ஓடை வளைவில் அள்ளிய மணலை அலசினால் தட்டின் அடியில் மஞ்சள் மணிகள்! மதன் வாயைப் பிளந்தான். தங்கத்தைவிட அந்த முகம்தான் திருமூர்த்திக்கு இனித்தது.

அங்கே சட்டம் சுலபம். யாரும் பிடிக்காத இடத்தில் முதலில் கம்பு நட்டு, பேரும் நேரமும் எழுதி ஒட்டுகிறவனுக்கே தோண்டும் உரிமை.

"நடுடா திரு, சீக்கிரம்!"

"ராகு காலம்டா. முடியட்டும்."

ராகு காலத்தில் அங்கே நிற்கவும் கூடாது என்று, மேட்டுக்கு அந்தப்பக்கம் நிறுத்தியிருந்த வண்டியில் மதனோடு போய் உட்கார்ந்தார். பத்தரை அடித்ததும் மதன் கம்பைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

"டைம் முடிஞ்சிடுச்சு, வா. உன் பேர் மட்டும் போடு. எனக்கு ஷேர்லாம் வேணாம்."

திருமூர்த்திக்குச் சுருக்கென்றது. இவன் ஏன் இப்படிப் பறக்கிறான்? கெட்ட நேரத்தில் நட்டு, விளங்காமல் போகட்டும் என்றுதானே?

"கேலண்டர்ல இருக்கிறது நம்ம ஊர் கணக்கு. பகலை எட்டா டிவைட் பண்ணா அதுல ஒரு பங்குதான் ராகு காலம். இங்க நடு ராத்திரி வரைக்கும் வெளிச்சம். இன்னும் அரை மணி நேரம் இருக்கு."

"அதுக்குள்ள எவனாவது வந்துடுவான்டா!"

"உனக்கு என்ன அவ்வளவு அவசரம்?"

மதன் அவரை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு கம்பைப் பின்சீட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

நல்ல நேரம் பிறந்ததும் போனார்கள். ஓடை வளைவில் புதுக் கம்பு ஒன்று நின்றது. ஒட்டிய காகிதத்தில் யாரோ ஒரு ஜான்சன், நேரம் பத்து ஐம்பது. தூரத்தில் அந்த ஆள் இடத்தின் அடுத்த மூலைக்கு எல்லைக் கம்பு சுமந்து போய்க்கொண்டிருந்தான்.

ஊர் திரும்பிய வாரமே மதன் வீட்டில் விருந்து. "தங்கம் என்னாச்சு?" என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். திருமூர்த்தி வாசல் பக்கம் நகர்ந்தார். இப்போது சொல்லப்போகிறான், ஊரே சிரிக்கப்போகிறது.

"கண்டுபிடிச்சது திருதான்," என்றான் மதன். "கோட்டை விட்டது நான். பசிக்குதுன்னு இவனை வண்டிக்கு இழுத்துட்டுப் போனேன், அதுக்குள்ள ஒருத்தன் வந்து நட்டுட்டான். ஜீனியஸ்டா இவன்!"

எல்லோரும் மதனைக் கேலி செய்தார்கள். திருமூர்த்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அவர் கண் கலங்கியிருக்க வேண்டும். கலங்கவில்லை. இந்தப் பெரிய மனசும் அவனுக்கே போய்விட்டதே என்று பற்றிக்கொண்டு வந்தது.