பீரங்கி வெடிக்காத நாள்

மூன்று வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எவ்ரார் செய்த மேசைக் கடிகாரம் அது. நாலு பக்கமும் கண்ணாடி, உள்ளே பித்தளைப் பெண்டுலம். மாதத்துக்கு இரண்டு நொடி பிசகினாலே அவனுக்குத் தூக்கம் போய்விடும். ஜூன் நடுவில் துணிக்கடை மதாம் தெல்வோ அதை வாங்கிப்போனாள். ஜூலைக் கடைசியில் பட்டறை வாசலில் நின்று கத்தினாள்.

"என்னத்தய்யா என் தலையில கட்டினே? பீரங்கிக்கு ஆறு நிமிஷம் முன்னாலயே பன்னெண்டு அடிக்குது!"

பாரிஸில் பலே ரொயால் அரண்மனைத் தோட்டத்துப் பீரங்கி வைத்ததுதான் சட்டம். உச்சி வெயில் பூதக்கண்ணாடி வழியாக விழுந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும். டமார் என்றதும் கனவான்கள் எல்லாரும் பைக் கடிகாரத்தை எடுத்துத் திருகுவார்கள். அதைப் பார்த்தாலே எவ்ராருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சூரியன் வருஷம் பூரா ஒரே சீரா உச்சிக்கு வராது மதாம். இப்போ அதுதான் லேட்டு. முள்ளைத் தொடாதீங்க. செப்டம்பர் ஒண்ணாம் தேதி ரெண்டும் சேர்ந்துக்கும். சேரலேன்னா கடிகாரத்தைத் திருப்பிக் கொடுங்க, நான் பட்டறையையே சாத்திடறேன்."

"சூரியன் மேலேயே பழியா! பலே ஆளுய்யா நீ."

அவள் போனதும் மனைவி உர்சூல் தலையில் அடித்துக்கொண்டாள். "பட்டறையைச் சாத்திட்டு எங்கே போறதாம்? உங்க சூரியன் சோறு போடுமா?"

ஒன்றாம் தேதி இருவரும் மதாமின் கடைக்குப் போனார்கள். பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கையில் மேகம் வந்து மூடிக்கொண்டது. எதிரே தோட்டத்தில் ஐம்பது கனவான்கள் கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. பீரங்கி மூச்சு விடவில்லை.

"நாளைக்கு வெயில் வந்தா…" என்று எவ்ரார் முனகினான்.

மதாம் வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "மேகம் வந்தா லீவு போடுற பீரங்கியை நம்பியா இத்தனை வருஷம் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்தினேன்?" என்றவள், வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தாள். "ஐயாமாரே! மணி பன்னெண்டு ஆச்சு! இங்கே வந்து திருகிக்குங்க!"

முதலில் ஒருவர் வந்தார். பிறகு வரிசையே நின்றது. எவ்ராருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. உர்சூல் அவன் கையை விடவே இல்லை.

மறுநாள் நல்ல வெயில். பீரங்கியும் கடிகாரமும் ஒன்றாகவே முழங்கின. மதாம் துணி அளந்துகொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.