ஒண்ணாம் நம்பர்

ரப்பரைத் தேடி அவள் அப்பாவின் மேசையில் இருந்த மூன்று இழுப்பறைகளையும் கவிழ்த்துவிட்டாள். ஒரு விசில், கறுத்துப்போன பதக்கங்கள், தீர்ந்த மாத்திரை அட்டைகள், யாருடைய பல்லையோ தட்டிப் போட்டதாக அவர் பெருமையடித்துக்கொள்ளும் பழைய ஹாக்கிப் பந்து. பென்சிலைத் தவிர வேறெதையும் தொடாத மனிதரின் மேசையில் ரப்பர் இல்லாமல் போகுமா? கடைசியில் பென்சிலின் வாலில் தேய்ந்து ஒட்டிக்கொண்டிருந்த சிவப்புத் துணுக்குதான் கிடைத்தது. கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

கதவுக்கு அந்தப் பக்கம், கூடத்தில், அப்பா கிடந்தார். காலை ஆறு மணிக்குச் செய்தித்தாளை விரித்தவர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. டாக்டர் வந்து பார்த்து, ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வண்டி மூன்று மணிக்கு வரும். அதுவரை செய்வதற்கு ஆயிரம் வேலை இருந்தும் அவளுக்கு எதிலும் கை ஓடவில்லை. நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டாள், அவற்றையே எடுத்து வேறு இடத்தில் போட்டாள். அம்மாவுக்குக் காப்பி கலந்து, அதைத் தானே குடித்தாள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அப்பாவின் காலடிக்குப் போய்ப் போர்வையைச் சரி செய்தாள். அவருடைய இடது கால் நீட்டி அடங்கவே இல்லை. முட்டி மட்டும் சற்று மேலே தூக்கிக்கொண்டு நிற்க, போர்வை அந்தப் பக்கமாகவே நழுவி விழுந்தது. சித்தப்பா வந்து ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். “உயிரோட இருக்கறப்பவும் சொல் பேச்சு கேக்கல” என்று சொல்லிவிட்டு, அழுதுகொண்டே வாசலுக்குப் போனார்.

இந்த இடுக்கில்தான் கிளப் செயலாளர் போன் செய்தார். டயர்க் கடைக்காரர், நல்ல மனிதர், காலையிலேயே வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனவர்.

“தப்பா எடுத்துக்காதம்மா. கேக்க வாயே வரல. நாளைக்குக் காலையில போர்டு திறக்கணும். வெளியூர்லேர்ந்தெல்லாம் ஆளுங்க வந்துட்டாங்க. இப்ப பித்தளை வெட்டறவர் கடையிலதான் உக்காந்திருக்கேன். அப்பா லிஸ்ட்டு முடிச்சாராம்மா?”

ஹாக்கி கிளப்புக்கு ஐம்பது வயது. முந்நூறு பேருக்கு மேல் ஆடியிருக்கிறார்கள். கிளப்பை உருவாக்கியவர்கள் என்று பதினோரு பேரை மட்டும் பொறுக்கி, பித்தளைப் பலகையில் வெட்டிச் சுவரில் மாட்டுவதாகத் தீர்மானம். தீர்மானம் போட ஐந்து நிமிடம் ஆனது. பெயர் சொல்ல உட்கார்ந்தபோது இரண்டு மாதம் சண்டை நடந்தது. தன் அண்ணனை விட்டுவிட்டார்கள் என்று ஒருவர் நாற்காலியைத் தூக்கியே எறிந்தார். கடைசியில் பொறுப்பை அப்பாவின் தலையில் கட்டினார்கள். பன்னிரண்டு வருஷம் கோல் காத்தவர், அப்புறம் இருபது வருஷம் அணியைத் தேர்ந்தெடுத்தவர். அவர் பென்சிலால் எழுதி வாசித்துவிட்டால் அதற்குமேல் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது உடை மாற்றும் அறையில் அந்தக் காலத்திலிருந்தே இருந்த சட்டம். வாசிப்பதும் தலைகீழாகத்தான். பதினொன்றில் தொடங்கி இறங்கி வந்து, கோல்கீப்பரான ஒண்ணாம் நம்பரைக் கடைசியாகச் சொல்வார்கள். அவருடைய காலத்தில் அந்தக் கடைசிப் பெயர் அவருடையதாகவே இருந்தது.

“பாத்துச் சொல்றேன் மாமா” என்று வைத்துவிட்டு அவள் மேசைக்கு வந்தாள். தாள், மேசைமேல் பதித்த தடித்த கண்ணாடியின் கீழ் இருந்தது. நேற்று மாலைதான் எழுதியிருக்கிறார், பென்சில் சீவிய சுருள்கள்கூட இன்னும் குப்பைக்குப் போகவில்லை.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் ஒரு வரிக் காரணம். பதினொன்று: “பந்தைத் தானே வைத்துக்கொள்ளாதவர்.” ஒன்பது: “அடித்த கோல்களை எண்ணிச் சொல்லாதவர்.” ஆறாவதாக மட்டையையே கையில் தொடாத வேன் டிரைவரைப் போட்டிருந்தார். “இவர் வண்டியில் நாங்கள் ஒரு மேட்சுக்கும் தாமதமாகப் போனதில்லை.” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலி எறிந்தவரின் அண்ணனும் இருந்தார், நான்காவதாக.

ஒண்ணாம் நம்பருக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. அப்பாவின் பெயர் அங்கே இல்லை. யாரோ ஒருவருடைய பெயர் இருந்தது. யார் என்று விளங்கவே சில வினாடிகள் ஆயின. பெஞ்சு மாமா. அவருக்கு முழுப்பெயர் ஒன்று உண்டு என்பதே இன்றைக்குத்தான் உறைத்தது. அப்பாவுக்கு மாற்றுக் கோல்கீப்பராகப் பத்து வருஷம் பெஞ்சைத் தேய்த்தவர். ஊர் முழுக்க அவருக்கு அந்தப் பெயர்தான். வீட்டில் யாராவது சோம்பி உட்கார்ந்திருந்தால் “என்ன, பெஞ்சு மாமாவா?” என்று கேட்பது வழக்கம்.

அந்தப் பெயருக்கு எதிரில் மட்டும் காரணம் எதுவும் இல்லை. வெறும் இடம்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தக் கோல் போஸ்ட்டு அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் தின்றிருக்கிறது. பள்ளி ஆண்டு விழாவில் அவள் மேடையில் நின்றபோது முன்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலி ஐந்து வருஷமும் காலிதான். அத்தனைக்கும் சேர்த்து ஒரு வரி, பித்தளையில் ஒரே ஒரு வரி, அதைக்கூட யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டுச் செத்துப்போவாரா ஒரு மனிதர்? காரணம்கூட எழுதவில்லையே. முடிவு பண்ணாமல் சும்மா எழுதிப் பார்த்திருக்கலாம். காலையில் மாற்றலாம் என்று விட்டிருக்கலாம்.

சிவப்புத் துணுக்கால் அழித்தாள். தாள் கிழிந்துவிடாமல், மெதுவாக. அப்பாவின் கையெழுத்து அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எட்டாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் அட்டையில் அவளேதான் போட்டுக்கொண்டாள். அவருடைய பெயரை எழுதினாள். எதிரில், “பன்னிரண்டு வருடம், நான்கு கோப்பை” என்று எழுதினாள். படம் எடுத்துச் செயலாளருக்கு அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. “இதைத்தான் எல்லாரும் எதிர்பார்த்தோம்.”

நிம்மதி வரும் என்று பார்த்தாள். இருப்புத்தான் கொள்ளவில்லை. கூடத்துக்குப் போனாள், சமையலறைக்குப் போனாள், மறுபடியும் கூடம். போர்வை மறுபடியும் நழுவிக் கிடந்தது.

“யாரு போன்ல?” என்று அம்மா கேட்டாள்.

“செயலாளர். லிஸ்ட்டு கேட்டார்.”

“அவர் எழுதினத குடுத்துட்டியா?”

“ம்.”

அம்மா அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, பிறகு அப்பாவின் முகத்துக்கே திரும்பிக்கொண்டாள்.

பதினொன்றரை மணிக்குப் பெஞ்சு மாமா வந்தார். இரண்டு மணி நேரப் பஸ். சட்டையின் முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. உள்ளே வந்து அப்பாவின் தலைமாட்டில் நிற்காமல் நேராகக் காலடிக்குப் போனார். அங்கே நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு, இடம் அடைக்கக் கூடாது என்பதுபோல் வாசலுக்குப் போய், எல்லா நாற்காலியும் காலியாக இருந்தும் ஓரத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார். அவள் தண்ணீர் கொண்டுபோனாள். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். அனுப்ப மனம் வரவில்லை.

“பாப்பா, வர்ற வழியில செயலாளர் போன்ல சொன்னாரு” என்றார். அவளுக்கு நாற்பது வயதாகியும் அவருக்குப் பாப்பாதான். “ஒண்ணாம் நம்பர் அண்ணன்தானாமே. எனக்கு இப்பத்தான் மூச்சே வந்துச்சு. அந்த மனுஷன் எங்க தன் பேர விட்டுட்டு எவன் பேரயாவது போட்டுத் தொலைச்சிருவாரோன்னு பயந்துகிட்டே வந்தேன்.”

அவள் திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். பேச்சை மாற்றுவதற்காக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

“போர்வை நிக்கவே மாட்டேங்குது மாமா. இடது கால் மடங்கியே இருக்கு. சித்தப்பாகூட அழுத்திப் பாத்தார்.”

“அழுத்தக் கூடாது” என்றார் அவர் சட்டென்று. “அது அழுத்தினா அடங்காது. மூணாவது சீசன்லயே போன முட்டி அது.”

“அப்பாவுக்கா? முட்டியா? அவர் அதுக்கப்புறம் ஒம்பது வருஷம் ஆடினாரே.”

“ஆடினாரு.” டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “கால்ல பேட் கட்டறப்போ உள்ளே ஒரு துணிச் சுருள் வெச்சுக் கட்டணும். முட்டிக்கு அடியில. கையில கிளவுஸ மாட்டிட்டா கோல்கீப்பரால குனிஞ்சு பேட் பக்கிள் போட முடியாது, இன்னொருத்தன்தான் போடணும். நான் போடுவேன். இறுக்கி, ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டு, ‘போதுமாண்ணே?’ன்னு கேப்பேன். தலைய ஆட்டுவாரு. வெளியில ஒருத்தருக்கும் தெரியாது. பிராக்டீஸ்ல மட்டும் அவரால நிக்க முடியாது. ஏதாவது சாக்கு சொல்லி நான் நின்னுப்பேன். தினம் எரநூறு பந்து. மேட்சுக்கு அவரு முட்டி மிச்சம் இருக்கணுமில்ல?”

“கோச்சுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா அன்னிக்கே அண்ணனத் தூக்கி வெளியில உக்கார வெச்சிருப்பாரு.”

“உக்கார வெச்சிருந்தா யாரு ஆடியிருப்பா?”

பெஞ்சு மாமா தெருவைப் பார்த்தார். ஒரு சைக்கிள் போனது. டம்ளரில் இருந்த தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டு, வெறும் டம்ளரைக் கீழே வைத்தார்.

“யாராச்சும் ஆடியிருப்பாங்க” என்றார்.

அவள் உள்ளே போனாள். நடந்துதான் போனாள், ஓடினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மேசையில் இருந்த தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் பிறர் கண்களைச் சோதிக்கிறவள், எதை எப்படிச் சாய்த்தால் தெரியும் என்று அவளுக்குச் சொல்லித் தர வேண்டாம். அவள் எழுதியதற்கு அடியில் பழைய பெயரின் பள்ளம் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. அவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறார். மற்றப் பத்துப் பெயர்களும் அப்படி இல்லை. எழுதிப் பார்த்தவரின் கை இல்லை அது. பல வருஷம் முன்பே முடிவு செய்துவிட்டவரின் கை.

காரணத்தை எப்படி எழுதுவார்? எழுதினால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமே. வெறும் இடத்தை வைத்துக்கொண்டு நேற்று மாலை எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாரோ.

போன் மூன்று தடவை அடித்த பிறகுதான் செயலாளர் எடுத்தார். பின்னால் உளி தட்டும் சத்தம்.

“மாமா, எது வரைக்கும் ஆச்சு?”

“நம்ம வழக்கப்படி பதினொண்ணுலேர்ந்துதாம்மா சொல்லிட்டு வரேன். இப்ப ரெண்டாம் நம்பர் வெட்டிட்டிருக்காரு. அடுத்தது அப்பாதான். ஏம்மா?”

“நிறுத்தச் சொல்லுங்க. ஒண்ணாம் நம்பர் அப்பா இல்ல.”

“என்னம்மா சொல்றே? அவரு எழுத்துதானே அது?”

“என் எழுத்து. அப்பா வேற பேர் எழுதியிருந்தார். நான்தான் அழிச்சேன்.”

சொன்னவுடன் காது சூடாகியது. மதிப்பெண் அட்டைக் கையெழுத்துக்காகப் பள்ளியில் பிடிபட்டபோதுகூட இப்படி ஆகவில்லை. உளிச் சத்தம் நின்றது. அவள் பள்ளத்தில் இருந்த பெயரை, முழுப்பெயரை, தவறு வந்துவிடாமல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“நம்ம பெஞ்சா?” என்றார் அவர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “யோசிச்சுதான் சொல்றியா? இது பித்தளம்மா, இனிமே ரப்பர் வெச்சு அழிக்க முடியாது. அப்பா பேரு போர்டுல எங்கயுமே இருக்காது. தேர்ந்தெடுத்தவர்னுகூடப் போட எடமில்ல.”

“தெரியும்.”

“நாளைக்கு அந்த நாற்காலிக்காரன் கேப்பான். எல்லாருமே கேப்பாங்க. எதிர்ல காரணம் என்ன போட?”

அவள் கதவை லேசாகத் திறந்தாள். கூடத்தில் பேச்சு அடங்கியிருந்தது. பெஞ்சு மாமா வாசலிலிருந்து எழுந்து வந்து அப்பாவின் காலடியில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் துண்டு வேண்டும் என்று கேட்டதுபோலவே தெரியவில்லை. துண்டைத் தொடையில் வைத்து இறுக்கமாகச் சுருட்டினார். இடது முட்டியின் கீழ் கையை விட்டு, சுருளை உள்ளே தள்ளி, எடுத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் மேலே வைத்தார். தூக்கிக்கொண்டிருந்த கால் அதன்மேல் அமர்ந்துகொண்டது.

“அம்மாடி, லைன்ல இருக்கியா? வெட்டறவர் காத்துக்கிட்டிருக்காரு. என்ன காரணம்?”

“பேர் மட்டும் போடுங்க மாமா” என்றாள் அவள். “எதிர்ல அந்த எடத்த அப்படியே விட்டுடுங்க.”

கூடத்தில் பெஞ்சு மாமா போர்வையை இழுத்து மூடினார். காலுக்கு வெளிப்பக்கமாக அதன் ஓரத்தைச் செருகி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு கைகளை எடுக்காமல், அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தபடி, கொஞ்ச நேரம் காத்திருந்தார்.