ஸ்கேனில் தெரிந்த மூக்கு

“பேரப்பிள்ளை வர்ற விஷயம் கடைக்காரிக்குத் தெரியும், சர்ச்சுல காபி ஊத்துறவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியக் கூடாதா மாப்ளே?”

ஆர்வோ ஹைக்கினென் இடுப்பில் ஒற்றைத் துண்டோடு பனியில் நின்று கத்திக்கொண்டிருந்தார். கொல்லையில் இருக்கும் சவுனா என்ற ஆவிக்குளியல் அறையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறார். மொட்டைத் தலையிலும் தோளிலும் வேகவைத்த உருளைக்கிழங்கிலிருந்து போவது போல ஆவி போனது. வண்டியிலிருந்து இறங்கிய கையோடு அகப்பட்டுக்கொண்ட மருமகன் வேட், சாவியைப் பிடித்தபடி முழித்தான்.

“எந்தப் பேரப்பிள்ளை மாமா?”

“நடிக்காத! ஒரு மாசமா சவுனா பக்கம் தலை காட்டுறதில்ல. சனிக்கிழமை ஆனா தலைவலி, இல்லாட்டி தொண்டைவலி. ஏன், பின்லாந்துக்காரன் வேர்வை நாறுதோ? உங்க தாத்தனுங்க சுரங்கத்துல மேஸ்திரியா நின்னு எங்காளுங்கள விரட்டுன காலத்துலகூட இவ்வளவு ஒதுங்கி நிக்கல!”

“மெதுவா பேசுங்க மாமா. பக்கத்துல கேக்கும்.”

பக்கத்தில் என்றால் நான். கேட்கும் என்ன, கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். காலையிலேயே பனியை வழித்துத் தள்ளிவிட்ட நடைபாதையை மறுபடி வழித்துக்கொண்டிருந்தேன். தள்ளப் பனி இல்லாமல் மண்வெட்டி சிமெண்டில் உரசிய சத்தம் எனக்கே கூச்சமாக இருந்தது.

“கேட்டா கேக்கட்டும்! சொன்னதே மார்லிஸ்தான். ஸ்கேன் படத்தையே கண்ணால பாத்திருக்கா!”

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். மண்வெட்டிக்குப் பின்னால் ஒளிகிற உடம்பும் இல்லை எனக்கு.

சுரங்க வேலைக்குப் பின்லாந்துக்காரர்கள் வந்து குடியேறிய எங்கள் ஹான்காக் ஊரில் சனிக்கிழமை மாலை சவுனாவுக்குள் போகாதவன் ஒன்று நோயாளி, இல்லாவிட்டால் யாரோடோ பகை. கல்லைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீர் தெளித்து, அந்த ஆவியில் குடும்பமாக உட்கார்ந்து வியர்த்தால்தான் வாரம் முடிந்ததாக அர்த்தம். மாமனார் கூப்பிட்டு மருமகன் வராமல் இருப்பது, பந்தியில் இலையை மூடிவிட்டு எழுந்து போவது போல. ஆகவே வேட் வராத முதல் வாரமே எனக்குத் தூக்கம் போய்விட்டது. தோலில் ஏதாவதா? உடம்பில் எவள் பெயரையாவது பச்சை குத்திக்கொண்டானா? இப்படி நானே எனக்குள் நாலைந்து கதை கட்டி, ஒன்றும் திருப்தியில்லாமல் கிடந்த சமயத்தில்தான், ஆர்வோ வீட்டு மாடியில் குடியிருக்கும் அவர் மகள் ஜெனாவுக்குக் கண்ணாடிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அதைக் கொடுக்க வேண்டிய அவசரம் ஒன்றும் இல்லை. பாத்திரம் இரண்டு வருஷமாக என்னிடம்தான் இருந்தது.

ஜெனா உள்ளே போன நேரத்தில், மேஜையில் கடிதங்களுக்கு அடியிலிருந்து ஒரு ஸ்கேன் படம் எட்டிப் பார்த்தது. அது எட்டிப் பார்க்கும்போது நான் எட்டிப் பார்த்தால் என்ன தப்பு? மூன்று பெற்றவள் நான். கறுப்பு வெள்ளையில் உருண்டையாக ஒரு தலை. நெற்றி, கன்னம், அதற்கு மேலே ஒரு மூக்கு. சாட்சாத் ஆர்வோவின் மூக்கு. மூலையில் ஏதோ எழுத்துகள் இருந்தன. படிக்கிற கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். இவ்வளவு தெளிவாக மூக்கு தெரியும்போது எழுத்து எதற்கு?

அன்று மதியமே மளிகைக் கடைக்காரி பெர்னீஸிடம் சொன்னேன். “யார்கிட்டயும் சொல்லாத” என்றும் சொன்னேன். எங்கள் ஊரில் அதற்கு, சீக்கிரம் சொல் என்று பொருள். ஜெனா வேலை பார்க்கும் வங்கியில் பெண்கள் கையைப் பிடித்து வாழ்த்தினார்களாம். அவள் கழிப்பறைக்கு ஓடினாளாம். “மசக்கை” என்றேன் நான். ஆர்வோ தொட்டிலுக்குப் பலகை வாங்கி வந்தார். மகள் தானாக வந்து சொல்வாள் என்று காத்திருந்தவருக்கு, அன்று சவுனாச் சூட்டில் பொறுமை ஆவியாகிவிட்டது.

“ஆன்ட்டி,” என்றான் வேட், என்னைப் பார்த்து. “நீங்க பாத்தது புள்ள இல்ல.”

“பின்ன என்னடா அது?” என்றார் ஆர்வோ.

“அது நான்தான் மாமா.”

“நீயா?”

“என் இடது விதை.”

ஆர்வோவின் கை தானாகத் துண்டை இறுக்கிக்கொண்டது. என் வாய் சும்மா இருந்தால்தானே.

“அப்போ அந்த மூக்கு?”

“நரம்பு ஆன்ட்டி. வீங்கிப் பின்னிக் கிடக்கு.”

அதற்கப்புறம் அவன் நிறுத்தவில்லை. இத்தனை நாள் அடக்கியது. “டெஸ்ட் எடுத்தாங்க மாமா. விந்துல உயிரணு ஒண்ணுகூட இல்ல. சுத்தமா பூஜ்யம். அதான் ஸ்கேன் பண்ணாங்க. வலது பக்கம் சுருங்கிப்போச்சாம், இடது பக்கம் இப்படியாம். கீறித் தொறந்து, மைக்ராஸ்கோப்ப வச்சு உள்ள ஒண்ணு ரெண்டாவது இருக்கான்னு தேடப் போறாங்க. கெடச்சா எங்களுக்குப் பிள்ளை. கெடைக்கலன்னா இல்ல. அதுவரைக்கும் உடம்புல சூடு படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். சவுனா கண்டிப்பா கூடாது. அதுக்குத்தான் தலைவலி, தொண்டைவலி எல்லாம். இத நான் எப்படி உங்ககிட்ட...”

ஆர்வோ திரும்பி சவுனாவுக்குள் போனார். கோபத்தில்தான் போகிறார் என்று நான் முடிவு கட்டினேன். என் முடிவுகளின் லட்சணத்தைத்தான் பார்த்தீர்களே. உள்ளே ‘சுர்ர்’ என்று பெரிய சத்தம் எழுந்தது. வாளித் தண்ணீர் முழுவதையும் அடுப்பில் கொட்டி நெருப்பை அணைத்துவிட்டு, கரி அப்பிய முகத்தோடு வெளியே வந்தார்.

“மாப்ள வர முடியாத சவுனா எனக்கு எதுக்கு? ஆபரேஷன் முடியட்டும். அதுவரைக்கும் இந்த வீட்ல அடுப்பு எரியாது.”

“நீங்க சவுனாவுக்குப் போங்க மாமா. நான் மட்டும்...” என்று கண்ணைத் துடைத்தான் வேட்.

“வாய மூடு. துண்டு நழுவுது, பிடி.”

அதற்குள் ஜெனா வேலையிலிருந்து வந்து நின்றாள். புருஷன் அழுகிறான், அப்பா கரியோடு நிற்கிறார், பக்கத்து வீட்டுக்காரி மண்வெட்டியோடு இருக்கிறாள். அவளுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. கைப்பையைத் திறந்து, கம்பளி நூலில் பின்னிய குட்டி சாக்ஸ் இரண்டு ஜோடியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“பாங்க்ல குடுத்தாங்க ஆன்ட்டி. வீட்ல எந்த அலமாரியில வச்சாலும் கண்ணுல படுது. நீங்களே வச்சுக்கோங்க. ஊர் முழுக்க சொன்னீங்கல்ல, நீங்களே போய் இல்லைன்னு சொல்லிட்டு வாங்க. ஆனா அந்தப் படம் என்னன்னு மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது.”

இதைவிட என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம். கதையில் சப்பென்ற பாதியை மட்டும் ஊருக்குச் சொல்லிவிட்டு, மணியான பாதியை முழுங்க வேண்டும்! பரப்ப ஒரு மதியம் போதும்; திரும்பப் பெறப் பத்து நாள் அலைந்தேன். “சரி, புள்ள இல்ல. அப்போ நீ பாத்த படத்துல என்ன இருந்துச்சு?” என்று பெர்னீஸ் கல்லாவை விட்டு எழுந்து வந்து கேட்டாள். வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன்.

“ஆர்வோவோட பித்தப்பை.”

“அதுக்கு ஏன் நெருப்ப அணைச்சாராம்?”

“பித்தப்பைக்குச் சூடு ஆகாதாம்.”

“பாவம், தனியா இருக்கிற மனுஷன்!” என்றாள் பெர்னீஸ். மறுநாளே கொழுப்பில்லாத சூப்போடு ஆர்வோவின் கதவைத் தட்டினாள். ஆர்வோ என் வேலியோரம் வந்து பல்லைக் கடித்தார்.

“ஏம்மா மார்லிஸ், உனக்கு வேற உறுப்பே கெடைக்கலியா? சாசேஜ் சாப்பிட முடியல. தெனமும் வந்து வயித்த அமுக்கிப் பாக்குறா.”

“மாப்ளைக்காகப் பொறுத்துக்கோங்க.”

“அதுக்குத்தான் பொறுக்கிறேன். சூப் நல்லாத்தான் இருக்கு,” என்றார், குரலைத் தாழ்த்தி.

ஆபரேஷனுக்கு ஆர்வோதான் மகளையும் மருமகனையும் நாலு மணி நேரம் தள்ளியிருக்கும் கிரீன் பே நகரத்துக்கு ஓட்டிப் போனார். வேட்டின் இருக்கைக்குச் சூடு வந்துவிடக் கூடாதென்று வண்டியின் ஹீட்டரையே திறக்கவில்லையாம். மூன்று பேரும் விறைத்த மீன் மாதிரி போய் இறங்கியிருக்கிறார்கள். டாக்டரே அவ்வளவெல்லாம் சொல்லவில்லை என்று நர்ஸ் சிரித்தாளாம்.

மாலையில் தொலைபேசி அடித்தது. என் வாழ்நாளில் ஒரு செய்தி எனக்கு முதலாவதாக, நான் தோண்டாமலேயே வந்தது அன்றைக்குத்தான்.

“வலது பக்கம் ஒண்ணுமில்ல மார்லிஸ்,” என்றார் ஆர்வோ. மூச்சு வாங்கியது. “ரொம்ப நேரம் தேடியிருக்காங்க. இடது பக்கம் ஒரு மூலையில கொஞ்சம் இருந்துச்சாம். கொஞ்சம்தான். எடுத்து ஐஸ்ல வச்சிருக்காங்க.”

“கொஞ்சம்னா எவ்வளவு?”

“இருக்கு. அது போதாதா உனக்கு?”

போதவில்லைதான். இருந்தாலும் அழுதேன். கையில் இவ்வளவு பெரிய செய்தி, சொல்ல ஓர் ஆள் இல்லை. அவர்கள் என்னிடம் விட்டுப்போன நாயிடம் சொன்னேன். அது கொட்டாவி விட்டது.

முதல் முயற்சியில் கரு தங்கவில்லை. அந்த வாரம் ஜெனா வங்கிக்குப் போகவில்லை. நான் பாத்திரம் எதையும் திருப்பிக் கொடுக்கப் போகவில்லை. வாசலில் சாப்பாட்டை வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டு, என் கனத்துக்கு முடிந்த வேகத்தில் ஓடிவந்தேன். ஐஸில் இருந்ததில் பாதி தீர்ந்திருந்தது. பனியில் அந்தத் தூரம் மாறி மாறி ஓட்ட முடியாதென்று இருவரும் கிரீன் பேயிலேயே வேலை தேடிக் குடிபோனார்கள். இரண்டாம் முறை தங்கியது. பெண் குழந்தை. இப்போது நாலு வயது, பெயர் ஐலா. ஊருக்கு விஷயம் முழுவதும் தெரியும், வேட்டே ஞானஸ்நான விருந்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டான். எனக்குச் சொல்ல அவன் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

பித்தப்பையில் ஒரு கோளாறும் இல்லை என்று தெரிந்த பிறகும் பெர்னீஸ் சூப்பை நிறுத்தவில்லை. போன கோடையில் சர்ச்சின் அடித்தளத்தில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. கேக் நான் செய்தேன், காலியாகப் போகும் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தபடியே. ஏன் கொஞ்சம் கருகியது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆர்வோ வீட்டை விற்றுவிட்டு, கடைக்குப் பின்னால் இருக்கும் பெர்னீஸ் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் இப்போது கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் குடியிருக்கிறார். தனி ஆள். பகலிலும் திரைச்சீலையை இழுத்தே வைத்திருக்கிறார்.