கசாப்புக்காரி உணவகம்

கட்டையில் வைத்த தொடையை மூன்றே வெட்டில் பிரித்துப் போடுவாள் அவள். நான்காவது வெட்டு தேவைப்பட்டால் கத்தி மழுங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே எடுத்துத் தீட்டுவாள். பதினாறு வருடமாக அந்தக் கறிக்கடை அவள் கையில்தான் ஓடியது. அதற்கு முன் கடை கணவனுடையது. ஒருநாள் காலையில் எழுந்தபோது அவனுக்கு வலது கையைத் தூக்க வரவில்லை. பக்கவாதம் என்றார் மருத்துவர். கடையை யாருக்காவது கைமாற்றிவிடச் சொல்லி உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் விடியற்காலை அவளே போய் ஷட்டரைத் தூக்கினாள்.

முதலில் அவளிடம் எலும்பு வெட்டித் தரச் சொல்ல ஆட்கள் தயங்கினார்கள். ஒரு வருடம் போனபின் அவள்தான் வெட்ட வேண்டும் என்று காத்து நின்றார்கள். ஆனால் பையை வாங்கிக்கொண்டு நாலு எட்டு போனதும் அவளுக்குக் கசாப்புக்காரி என்றுதான் பெயர். கசாப்புக்காரியிடம் வாயைக் கொடுக்காதே, கசாப்புக்காரி முறைக்கிறாள் பார், இப்படி. அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

கடையை ஒட்டியிருந்த தையற்கடை காலியானபோது, அங்கே உணவகம் திறக்கலாம் என்று தோன்றியது. சமைப்பது கணவன். இத்தனை வருடத்தில் அவன் இடது கையால் கரண்டி பிடிக்கப் பழகியிருந்தான்; அவன் வறுக்கும் கறியின் வாசனைக்குத் தெருவே மூக்கை நீட்டும். ஆனால் கையெழுத்து மட்டும் அவனுக்கு ஒருநாள் போல் ஒருநாள் வராது. அதனால் உணவகத்தை அவள் பெயரிலும் மகள் பெயரிலும் பதிவு செய்வதென்று முடிவானது. மகள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருந்தாள்.

இரவுச் சாப்பாட்டின்போது மகள் விண்ணப்பப் படிவத்தை எடுத்து வைத்தாள். பெயர்க் கட்டத்தில் ஏற்கெனவே பென்சிலால் எழுதியிருந்தாள்: பசுந்தளிர்.

"கறிக்கடைக்காரங்க நடத்துற ஓட்டலுக்குப் பசுந்தளிரா?" என்றாள் அவள்.

"கேக்க நல்லா இருக்கும்மா. குளுமையா இருக்கு."

"தளிரு எங்கேன்னு கேட்டா என்ன சொல்றது?"

"ஆடு தின்னுடுச்சுன்னு சொல்லிடலாம்" என்றான் கணவன்.

அவள் சிரிக்கவில்லை. ரப்பரை எடுத்துப் பென்சில் எழுத்தை அழித்தாள். பேனாவால் எழுதினாள்: கசாப்புக்காரி உணவகம்.

மகள் கையிலிருந்த சோற்றுருண்டையைத் தட்டிலேயே போட்டாள்.

"எட்டாவது படிக்கும்போது என் பெஞ்சுல எலும்புத்துண்ட வச்சாங்க, தெரியுமா? கசாப்புக்காரி பொண்ணுக்கு டிபன்னு சொல்லி சிரிச்சாங்க. வருஷம் பூரா அதான் என் பேரு."

அவளுக்கு அது தெரியாது. "அன்னைக்கே ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாள்.

"சொன்னா கத்தியோட ஸ்கூலுக்கு வந்திருப்ப."

"வந்திருப்பா" என்றான் கணவன்.

"அவங்க வச்ச பேரு, ஆனா உழைச்சது நான்" என்றாள் அவள். "பசுந்தளிர்னு போர்டு வச்சா, நான் பதினாறு வருஷம் செஞ்சத நானே ஒளிச்சு வச்ச மாதிரி ஆயிடும். என்னால முடியாது."

மகள் எழுந்து தட்டைக் கழுவி வைத்தாள். படிவத்தில் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டுப் படுக்கப் போனாள்.

பதிவு அலுவலகத்தில் மூன்றாவது ஜன்னலில் இருந்த எழுத்தர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு படிவத்தைப் பார்த்தார்.

"இது பேரா, திட்டா?"

"இத்தனை நாளா திட்டு. இனிமே பேரு."

"இதெல்லாம் பாஸ் ஆகாதும்மா. விதி இருக்கு. பாருங்க, மூணு கட்டம் விட்டிருக்கோம். ஒண்ணு கிடைக்கலேன்னா இன்னொண்ணு. மிச்ச ரெண்டையும் நிரப்பிக் குடுங்க."

அவள் படிவத்தைத் திரும்ப வாங்கி, நின்றபடியே எழுதிக் கொடுத்தாள். எழுத்தர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"மூணுலயும் ஒரே பேரத்தானே எழுதியிருக்கீங்க?"

"மூணு தடவையும் நல்லா யோசிச்சுதான் எழுதினேன்."

பின்னால் வரிசையில் நின்றவர் இருமுவதுபோலச் சிரிப்பை மறைத்தார். எழுத்தர் முத்திரையைக் குத்தி உள்ளே தள்ளினார். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. கோரிய பெயர் ஒரு தொழிலையும் அதைச் செய்யும் பெண்களையும் இழிவுபடுத்துவதாக இருப்பதால் ஏற்க இயலாது. ஆட்சேபம் இருந்தால் பங்குதாரர்கள் இருவரும் நேரில் வரவும்.

அவள் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். மகள் எடுத்துப் படித்தாள். மடித்து வைத்துவிட்டு மறுபடி பிரித்துப் படித்தாள். பிறகு, "வியாழக்கிழமை லீவு சொல்லிட்டு வரேன்" என்றாள்.

விசாரணை அறை சின்னது. மேஜைக்கு அந்தப்பக்கம் அதிகாரி, அவள் வயதுக்காரி. மூலையில் குறிப்பெடுக்க அதே எழுத்தர். எதிரே இரண்டு நாற்காலி. ஒன்றின் கால் ஆடியது. அதில் அவள் உட்கார்ந்துகொண்டாள்.

"இந்தப் பேர் மத்தவங்க மனசப் புண்படுத்தும்னு உங்களுக்குத் தோணலையா?" என்று கேட்டார் அதிகாரி.

"யாரு மனச மேடம்?"

"அந்தத் தொழில் செய்யற பெண்களோட மனச."

"இந்த ஏரியாவுல கசாப்பு வேலை செய்யற பொம்பளை நான் ஒருத்திதான். நான் என்னைக் கேட்டுட்டேன். புண்படலேன்னு சொல்லிட்டேன்."

எழுத்தர் பேனாவை நிறுத்தினார். இதை எழுதுவதா வேண்டாமா என்று அதிகாரியைப் பார்த்தார். அவள் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கறிக்கடையின் உரிமம்.

"இது உங்க ஆபீஸ் குடுத்ததுதான். தொழில்ங்கிற இடத்துல கசாப்புன்னு போட்டிருக்கு. வருஷா வருஷம் முத்திரை குத்திக் குடுக்கறீங்க. நீங்க எழுதினா தொழில், நானே எழுதிக்கிட்டா இழிவா?"

அதிகாரி உரிமத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "நீங்களும் பங்குதாரர். உங்களுக்கு இதுல சம்மதமா?"

"எனக்கு இந்தப் பேரே பிடிக்காது மேடம்."

பக்கத்து நாற்காலியில் அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

"சின்ன வயசுல இதச் சொல்லித்தான் என்னைக் கேலி பண்ணாங்க" என்று மகள் தொடர்ந்தாள். "இப்பவும் கேட்டா அந்த பெஞ்சுதான் ஞாபகம் வரும். ஆனா உங்க லெட்டரப் படிச்சதும் அதே பெஞ்சுதான் ஞாபகம் வந்துச்சு. எங்கம்மா செய்யற வேலையோட பேரச் சொன்னாலே இழிவுன்னு டைப் அடிச்சு அனுப்பியிருக்கீங்க. அந்தப் பிள்ளைங்களாவது எட்டாங் கிளாஸ். அதனால, பிடிக்குதோ பிடிக்கலையோ, இந்தப் பேருதான் வேணும். எனக்கும் சம்மதம்."

அதிகாரி வெகுநேரம் எழுதினார். எழுதி முடித்து, "எங்க கையெழுத்து போடணும்னு இவர் காட்டுவார்" என்றார்.

வெளியே படியிறங்கும்போது அவள், "பிடிக்கலேன்னே சொல்லிட்டியே" என்றாள்.

"பிடிக்கலதான்."

"சரி."

பேருந்து நிறுத்தம் வரை நடந்தார்கள். "அந்தப் பேரக் கேட்டு நீ எப்பவாவது அழுதிருக்கியாம்மா?" என்று மகள் கேட்டாள்.

"முதல் வருஷம். கடையில கறி வைக்கிற குளிர் ரூம் கதவச் சாத்திக்கிட்டு. அதுக்குள்ள ரொம்ப நேரம் அழ முடியாது, விரல் மரத்துடும்."

மகள் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். பேருந்து வரும்வரை விடவில்லை.

ஒன்பதாம் நாள் கேட்ட பெயரிலேயே சான்றிதழ் வந்தது. சிவப்பில் வெள்ளை எழுத்தாகப் பலகை எழுதி மாட்டினார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று படித்தார்கள். சிலர் கைப்பேசியில் படம் பிடித்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். சிலர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள்.

திறந்து நாலாம் நாள் மதியம் எதிர்க்கடைத் துணி வியாபாரி வந்தார். தெருக் கடைக்காரர்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

"எல்லாரும் பேசிக்கிறாங்கம்மா. குடும்பத்தோட வர்ற தெரு இது. பலகைய மட்டும் கொஞ்சம் மாத்திட்டா நல்லது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் இலவங்கப்பட்டை வாசம் வீசும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"பேரு பதிவாயிடுச்சு அண்ணே. செத்தாலும் மாத்தறதா இல்ல. நெஞ்செலும்பு சூப் சூடா இருக்கு, உக்காருங்க."

அவர் வாசலைப் பார்த்தார். தன் கடையைப் பார்த்தார். அடுப்படியில் கணவன் இடது கையால் மிளகைத் தூவி, கிண்ணத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். துணி வியாபாரி நாற்காலியை இழுத்துப் போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.