திரும்பிப் போய்ப் பார்க்காத கதை

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. ஒருவர் மேசையில் பேனாக்களை நேராக அடுக்கிவிட்டு, "எனக்குக் கொஞ்சம் ஓசிடி சார்" என்று பல்லைக் காட்டினார். வேண்டாத எண்ணம் ஆளைப் பிடித்து ஆட்டும் மனநோய் அது; அதில் கொஞ்சமாம்! அன்றே எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: பேருந்தை நிறுத்திய ஓட்டுநர் கையைக் கழுவினார், மறுபடியும் கழுவினார், மறுபடி...

வேண்டாம். இந்த நோய் என்றாலே சோப்புதானா? என் ஆள் கை கழுவுவதில் மகா சோம்பேறி.

இரண்டாம் தொடக்கம்: இருபது வருடமாகப் பேருந்து ஓட்டும் அவர் ஒரு பூனையைக்கூட இடித்ததில்லை. ஆனாலும் சக்கரம் எதிலாவது ஏறி இறங்கினால், 'ஆளாக இருந்தால்?' என்று மனம் பிடித்துக்கொள்ளும். பயணிகள் யாரும் கத்தவில்லையே என்றாலும் கேட்காது. வேலை முடிந்ததும் டிக்கெட் வாங்கி, தான் ஓட்டிய தடத்திலேயே பயணியாகப் போய்ச் சாலையைப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. 'அந்தப் பக்கம் பார்க்கலையே' என்று மறுபடி ஏறுவார். வீட்டில் மனைவியும் மகளும் அவர் இல்லாமலே சாப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

(இது அபத்தம் என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். தெரிந்தும் விடாது, அதுதான் நோய்.)

3

மருத்துவர் சொல்லியிருந்தார்: "போய்ப் பார்த்தா பயம் அடங்கும். ஆனா அதுவே அதுக்குத் தீனி. ஒரு நாள் போடாம இருங்க. பயம் வந்தா வரட்டும்."

இன்று அவருடைய கடைசி நடையில் சக்கரத்தடியில் 'தடக்' என்றது. பணிமனையிலிருந்து மனைவிக்குப் போன் செய்தார்.

"ஒரு சத்தம் கேட்டுச்சு. ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு நீயாவது சொல்லேன்."

ஆயிரம் முறை சொன்னவள்தான்.

"சொல்ல மாட்டேங்க. நான் சொல்றதும் தீனிதானாம். பயத்தோடவே வாங்க. அதுக்கும் சேர்த்துத் தட்டு வைக்கிறேன்."

4

அவர் போய்ப் பார்த்தார், அங்கே ஒரு கிழிந்த சாக்குதான்...

கூடாது. தீனி போட நான் யார்? 'அன்றோடு குணமானார்' என்றும் எழுதிப் பார்த்தேன். பச்சைப் பொய்.

நடந்தது இதுதான். அவருடைய தடத்துப் பேருந்து வந்து நின்றது.

"ஏறலையாண்ணே?" என்றார் நடத்துநர்.

"இல்லப்பா. வீட்டுக்குப் போறேன்." போனார். வேர்த்து வழியத் தட்டின் முன் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார். மகள் எதிரில் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதையை நிறுத்தாமல் சொன்னாள்.

இப்போது நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது: 'அந்தச் சத்தம் என்ன? யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே?'

ஒரே வரியில் உங்களை நிம்மதியாக்க என்னால் முடியும். எழுத மாட்டேன். அவர் அது தெரியாமல்தான் சாப்பிட்டு முடித்தார். நீங்களும் தெரியாமலே எழுந்து போங்கள்.