பின்சீட்டில் உட்காரப் போகிறவள்

கடலூரில் நெல்லிக்குப்பம் சாலையில் இருந்த அந்த மோட்டார் சைக்கிள் கடையில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே கம்பெனி, ஒரே என்ஜின். ஒன்று சாதாரண மாடல். நீளமான சீட்டு, பிடித்துக்கொள்ளக் கம்பி, புடவை பின்சக்கரத்தில் சிக்காமல் மறைக்கிற சாரி கார்டு எல்லாம் இருந்தன. மற்றது பந்தயத் திடலை நினைத்துச் செய்த மாடல். குனிந்து ஓட்டுகிற ஹேண்டில். பின்சீட்டு என்று பேருக்கு ஒரு உள்ளங்கையளவு மெத்தை, அதுவும் தூக்கலாக. ஜெபஸ்டின் அரைமணி நேரமாக இரண்டிலும் மாறி மாறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தான்.

"ரேஸ் மாடல்ல பிக்கப் ஜாஸ்தி சார்," என்றான் விற்பனையாளன் சிவபிரசாத்.

"இதுல சாரி கார்டு இல்லியே?" என்று கேட்டாள் ஜெபஸ்டினின் மனைவி மேரி ஷாலினி.

"பெட்டியில தனியா குடுப்போம் மேடம். யாரும் மாட்டிக்கிறதில்ல, லுக்கே போயிடும். நீங்க கலர் மட்டும் சொல்லுங்க."

ஷாலினி சிவப்பு என்றாள். அவளிடம் கேட்கப்பட்டது அவ்வளவுதான்.

ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். சிவப்பு ரேஸ் மாடலுக்கு மாலை விழுந்தது. சாரி கார்டு பெட்டியோடு கட்டிலுக்கடியில் போய்ச் சேர்ந்தது. ஜெபஸ்டினுக்குத் தரையில் கால் பாவவில்லை. அவனைக் குறை சொல்லியும் பயனில்லை. மூன்று வருஷமாகக் கனவு கண்ட வண்டி.

ஷாலினி தனியார் பள்ளியில் டீச்சர். அங்கே புடவைதான் கட்டவேண்டும், அதனால் ஒருபக்கமாகத்தான் உட்காரமுடியும். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவளுக்கு உயிர் தொண்டைக்கு வந்து திரும்பியது. பதினைந்தே நாளில், "பக்கத்து வீட்டு டீச்சர் தொணைக்குக் கூப்புடுறாங்க, பஸ்லயே போயிக்கிறேன்," என்று சொல்லிவிட்டாள். அவன் சந்தோஷத்தைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவனும் நம்பிவிட்டான். நம்புவதுதானே வசதி!

மே மாதம் வந்தது. சிதம்பரத்தில் ஒரு பெரிய பள்ளியில் நிரந்தர வேலைக்கு நேர்முகத் தேர்வு, காலை பத்து மணிக்கு. நான்கு வருஷம் தற்காலிகமாகவே இழுபட்டவளுக்கு அது பெரிய கதவு. ஆனால் அன்று முகூர்த்த நாள். பஸ்ஸில் படிக்கட்டு வரை ஆட்கள் தொங்கினார்கள்.

"ஏறு. முக்கா மணியில கொண்டுபோய் உட்டுடுறேன்," என்றான் ஜெபஸ்டின்.

ஆலப்பாக்கம் தாண்டும்வரை ஒழுங்காகத்தான் ஓட்டினான். அப்போது இன்னொரு வண்டி சர்ரென்று அவனை முந்திப் போனது. அவனுக்குப் பொறுக்கவில்லை, முறுக்கினான்.

"மெதுவா போங்க! பயமா இருக்கு!"

அவள் சொன்னது காற்றோடு போனது. அடுத்த நிமிஷம் வண்டி பின்னாலிருந்து யாரோ இழுத்தாற்போல் திணறியது. முந்தானை செயினுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ஷாலினி தார் ரோட்டில் விழுந்து நாலடி தூரம் இழுபட்டாள்.

ரோட்டோரம் நுங்கு விற்றுக்கொண்டிருந்த இருசம்மாள், சீவிக்கொண்டிருந்த அரிவாளோடு ஓடிவந்தாள். ஜெபஸ்டின் வண்டியைப் பிடித்தபடியே நின்றான். அவள்தான் கழுத்தை இறுக்கிய புடவையை அறுத்து விட்டாள். நுங்குக்கூடையை மூடியிருந்த துணியை உதறி ஷாலினிமேல் போர்த்தினாள்.

"மூச்சு இருக்குது. போன் போடுய்யா, வேடிக்க பாக்குறியே!" என்று அவள் அதட்டிய பிறகுதான் அவனுக்குச் சுயநினைவு வந்தது.

கையெலும்பு முறிந்திருந்தது. கழுத்தில் புடவை இறுக்கிய தடம் சிவப்பாக இருந்தது. இன்னும் ஒரு சுற்று சுற்றியிருந்தால் பிழைத்திருக்கமாட்டாள் என்றார் சிதம்பரம் ஆஸ்பத்திரி டாக்டர். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றரை. நேர்முகத் தேர்வு முடிந்திருக்கும்.

"என்ன மன்னிச்சுடு ஷாலினி," என்று அவன் அழுதான்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அன்னிக்குக் கடையில ரெண்டு வண்டியிலயும் எத்தினி தடவ ஏறி ஒக்காந்து பாத்தீங்க? என்ன ஒரு தடவ ஒக்காந்து பாருன்னு சொன்னீங்களா?"

அவன் கட்டிலோரம் உட்கார்ந்தான்.

"நானும் வாயத் தொறந்து சொல்லல. அது என் தப்பு," என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து, கட்டுப் பிரித்த கையோடு ஷாலினியை அழைத்துக்கொண்டு ஜெபஸ்டின் அதே கடைக்குப் போனான். பந்தய வண்டியைக் கொடுத்துவிட்டு மாற்றிக்கொள்ள வந்திருந்தான். சாதாரண மாடலின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, தான் ஏறாமல், "நீ ஒக்காரு," என்றான். அவள் புடவையை ஒதுக்கி உட்கார்ந்தாள். கம்பியைப் பிடித்தாள். கால்படியில் காலை வைத்துப் பார்த்தாள்.

"கால் எட்டுது. பயமில்ல," என்றாள்.

பக்கத்தில் ஒரு பையன் பந்தய மாடலில் குனிந்து கண்ணாடியில் தன் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தான். கைக்குழந்தையோடு அவன் மனைவி தள்ளி நின்றாள். "மேடம், கலர்?" என்று சிவபிரசாத் அவளிடம் ஆரம்பித்தான்.

ஜெபஸ்டினால் சும்மா இருக்கமுடியவில்லை.

"தம்பி, தப்பா நெனைக்காத. இது ஒத்தையா பந்தயத்துல ஓட்டுறவனுக்குச் செஞ்ச வண்டி. ரோடு பந்தயத் திடல் இல்ல. நம்ம வண்டியில பின்னாடி ஒரு உசுரும் வருது. நான் அத நெனைக்காம என் பொண்டாட்டிய சாவு வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு வந்தவன். மொதல்ல அவுங்கள ஒக்கார வச்சுப் பாரு. அப்புறம் கலர் கேளு."

பையன் ஷாலினியின் கழுத்தில் இன்னும் மறையாத தடத்தைப் பார்த்தான். மெல்ல வண்டியை விட்டு இறங்கி, குழந்தைக்காகக் கை நீட்டினான்.

"குடு. நீ ஏறி ஒக்காந்து பாரு," என்றான் மனைவியிடம்.