இடக்கைக்கு ஓர் இடம்

திங்கட்கிழமைக்குள் சென்சார் வேலை செய்யாவிட்டால் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றிவிடலாம் என்று வழிகாட்டி சொல்லியிருந்தார். ஞாயிறன்று கணவன் சசிகுமாருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வேலம்பாளையம் பனியன் கம்பெனிக்குப் போகும்போதும் நித்யஸ்ரீயின் மனம் அதிலேயே இருந்தது.

"இன்னும் ஒரே ரீடிங்தானா?" என்றான் சசிகுமார்.

"ஆமாங்க. ரெண்டு கைக்கும்."

அவள் சென்சார் கண்டறிய வேண்டிய டிரிப்டோபன் மூலக்கூறு இரண்டு வடிவங்களில் வரும், டீ-ஷர்ட்டின் இடக்கையும் வலக்கையும் போல. ஒரே துணி, ஒரே அளவு. ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. இடக்கை மூலக்கூறைச் சுற்றிப் பாலிமர் படலத்தை வளர்த்து, பிறகு மூலக்கூறை மட்டும் அவள் கழுவி எடுத்துவிடுவாள். அது இருந்த குழி மிஞ்சும். இடக்கை மட்டுமே அதில் வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தால் மின்னோட்டம் குறையும். அவளுடைய படலமோ இரண்டையும் ஒன்றுபோல உட்கார வைத்தது.

"நம்ம குருசாமியாட்டமே இருக்குது உன்ர சென்சாரு. போன மாசம் எடக்கை வலக்கை பாக்காம அத்தனையும் எடக்கையாவே வெட்டிப்போட்டாப்ல."

"அத எப்பத்தானுங்க மறப்பீங்க?" என்றார் கட்டிங் மாஸ்டர் குருசாமி.

ரோலிலிருந்து பிரித்த துணி மேசை முழுவதும் தளர்ந்து கிடந்தது. சசிகுமாரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை.

"ஆர்டர் குடுத்த பையருங்களா? வெட்டலீங்களா இன்னும்?" என்றாள் நித்யஸ்ரீ.

"துணி ரிலாக்ஸ் ஆகோணுமல்லொ. இப்பவே வெட்டுனா அளவு சுருங்கிப்போகும்."

அது அவள் அறியாததல்ல. இந்தத் துணிகளுக்கு நடுவே வளர்ந்தவள். மேசைமேல் கை வைத்தபடி அப்படியே நின்றாள். இத்தனை நாளும், கழுவும் அமிலத்தில் ஊறி உப்பிய படலத்தை வெளியே எடுத்ததுமே அளந்துகொண்டிருந்தாள். குழி தன் வடிவத்துக்குத் திரும்ப அவகாசமே தரவில்லை. ஒவ்வொரு தோல்வியும் அவளை இன்னும் வேகமாக்கியிருந்தது. வேகத்தை உழைப்பு என்று நம்பியிருந்தாள்.

மறுநாள் காலை ஆய்வகத்தில், கழுவிய படலத்தை அளவெடுக்கும் கரைசலிலேயே ஊறவிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கைக்கு வேலை இல்லை. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு ஜன்னலில் வெயில் நகர்வதைப் பார்க்கப் பிடித்திருந்தது. இது சரியாக வராவிட்டாலும் இந்தக் காலை வீணில்லை என்று தோன்றியது.

மதியம் அளந்தாள். வலக்கைக்குத் திரையில் மின்னோட்டக் கோடு லேசாகத்தான் அசைந்தது. இடக்கைக்குச் சரசரவென்று இறங்கியது. புதுப் படலம் ஒன்றையும் அதேபோல ஊறவிட்டு, சாயங்காலம் மறுபடி பார்த்தாள். அதேதான்.

சசிகுமாரை அழைத்தாள்.

"எந்தக் கை உக்காந்துச்சு?"

"எடக்கை மட்டுந்தானுங்க."

"குருசாமிகிட்டச் சொல்லிர்றேன், சந்தோசப்படுவாரு" என்றான். அவன் குரலுக்குப் பின்னால் கட்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.